சிவப்பு மையில் அடிக்கோடு

இவரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் நான் நம்புவதாக இல்லை. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவராக இருந்தால் ஒழிய, ஏதாவது ஓர் ஆண்டில், ஏதாவது ஒரு வகுப்பில், தினம் நாற்பத்தைந்து நிமிடம் நீங்கள் இவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். முகம் ஞாபகம் இருக்காது. எப்படி இருக்கும்? நீங்கள் எங்கே நிமிர்ந்து பார்த்தீர்கள், குனிந்து எழுதிக்கொண்டல்லவா இருந்தீர்கள்! குரல் மட்டும் இன்னும் காதில் கிடக்கும். "எழுதிக்கங்கப்பா. தலைப்பு. சிவப்பு மையில அடிக்கோடு."

இந்த இனத்துக்கு நோட்ஸ் சார் என்று பெயர்.

பாடம் நடத்துகிறவரோடு இவரைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பாடம் நடத்துகிறவர் வகுப்புக்குள் வந்ததும் பிள்ளைகளைப் பார்ப்பார். நோட்ஸ் சார் தன் நோட்டைப் பார்ப்பார். கெட்டி அட்டை போட்ட நானூறு பக்க நோட்டு அது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, ஓரங்களில் பத்து இருபது வருடத்து விரல் அழுக்கு, நடுநடுவே எந்தக் கேள்வி எந்த வருடப் பரீட்சையில் வந்தது என்பதற்கான பொடி எழுத்து. அதைத் திறந்து, தொண்டையைக் கனைத்து, "தாவரங்கள் கமா விலங்குகள் கமா இவையிரண்டும் முற்றுப்புள்ளி போடாத, இன்னும் இருக்கு" என்று ஆரம்பித்தாரானால் மணி அடிக்கும்வரை நிற்க மாட்டார். கேள்வியும் அவரே சொல்வார், பதிலும் அவரே சொல்வார், பதில் எத்தனை வரி என்பதையும் அவரே சொல்வார். மூன்று வரிக்கு மேல் தெரிந்துவைத்திருக்கிற பிள்ளையை அவருக்குப் பிடிக்காது.

நம்முடைய ஜனகராஜ் சார் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. மதுரையில் சிம்மக்கல்லுக்குப் பக்கத்தில், டவுன் பஸ்ஸின் ஹாரன் சத்தம் ஓயாத ஒரு தெருவில் இருந்த உதவிபெறும் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல். இருபத்தாறு வருட சர்வீஸ். ஒரு தடவை அவர் வகுப்புக்குள் தெரு மாடு ஒன்று நுழைந்துவிட்டது. சார் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "ஏய், வெளிய போ!" என்றார். முன் பெஞ்சில் நாலு பேர் அதையும் எழுதிக்கொண்டார்கள். சோலை என்ற பையன் எழுந்து நின்று, "சார், இதுக்கு அடிக்கோடு உண்டா?" என்று கேட்டான். கேலி என்று நினைத்துவிடாதீர்கள், பாவம். உண்மையான சந்தேகம் அது. சோலைக்கு அடிக்கோடு விஷயத்தில் மட்டும் சந்தேகம் வரும், வேறு எதிலும் வராது.

வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? சாரும் மனைவி பத்மாசினியும் தங்களுக்குள் பேசிக்கொள்வது சௌராஷ்டிரம். ஆனால் கடைக்கு எழுதும்போது சார் தமிழுக்கு மாறிவிடுவார், குறிப்பு அவருக்குத் தமிழில்தான் வரும்.

"எழுதிக்க. தலைப்பு, மளிகை."

"தலைப்பு எதுக்குங்க? துவரம்பருப்பு அரைக்கிலோ, புளி கால் கிலோ. அம்புட்டுத்தான?"

"தலைப்பு இல்லாட்டி மளிகைன்னு எப்படித் தெரியும்?"

"கடைக்காரருக்குத் தெரியும். அவரு மளிகைக் கடைதான் வச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்த மனிதர் பிறக்கும்போதே நோட்டும் கையுமாகப் பிறக்கவில்லை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வேலை அவருக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில். வயது இருபத்திமூன்று. கிராப்பைத் தூக்கி வாரிக்கொண்டு, நோட்டு கீட்டு எதுவும் இல்லாமல், கையை வீசிக்கொண்டு வகுப்புக்குள் போனார். கண்ணைப் பற்றிய பாடம். குஷியாக நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், கண்ணீர் எதுக்கு உப்புக் கரிக்குது?" என்று கேட்டான். ஜனகராஜ் யோசித்தார். மறைக்காமல் சொன்னார்: "தெரியாதுப்பா."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அது போகட்டும், பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்யும். மறுநாள் காலையில் பள்ளிக்கூடச் சுவரில் அடுப்புக்கரியால் முழங்கை நீள எழுத்தில் 'தெரியாது சார்' என்று எழுதியிருந்தது. அந்தப் பெயர் பஸ் ஸ்டாப்புக்கு வந்தது, டீக்கடைக்கு வந்தது, மாற்றலாகிப் போகும் நாள்வரை அவர் கூடவே வந்தது. "என்ன தெரியாது சார், ஊருக்கா?" என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் சிம்மக்கல்லில் இறங்கி, நானூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினார். அதற்கப்புறம் நோட்டில் பதில் இல்லாத ஒரு கேள்வி அவர் வகுப்பில் எழுந்ததில்லை. எழவிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையை இன்னொரு தடவை பிள்ளைகள் முன்னால் சொல்லாமல் ரிட்டயர் ஆகிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. இன்னும் ஒன்பது வருடம் பாக்கி.

அப்படியும் ஒன்றிரண்டு துடுக்குகள் கேள்வி கேட்கும். அதற்கென்று மூன்று பதில்கள் வைத்திருந்தார். "அது சிலபஸ்ல இல்ல." "அது பத்தாவதுல வரும்." இரண்டுக்கும் மசியாவிட்டால், "நாளைக்குக் கேளு." இருபத்தாறு வருடத்தில் மறுநாள் ஞாபகமாக வந்து கேட்டவர் எவரும் இல்லை.

இந்த நிம்மதியில்தான் 2006 ஜூன் மாதம் வந்து விழுந்தது. சென்னை அறக்கட்டளை ஒன்று பள்ளிக்கு ஆறு கம்ப்யூட்டரும் ஒரு பிராட்பேண்ட் இணைப்பும் கொடுத்தது. சும்மா இல்லை, நிபந்தனையோடு. அக்டோபரில் எங்கள் ஆள் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். பிள்ளைகள் தாங்களாகவே இணையத்தில் செய்து பார்த்துப் படித்தால் இன்னும் பன்னிரண்டு வரும், இல்லாவிட்டால் இந்த ஆறும் வேறு பள்ளிக்குப் போய்விடும் என்று எழுத்து மூலம் சொல்லிவிட்டார்கள்.

தலைமையாசிரியர் ஹாலாஸ்யம் முதல் காரியமாக ஆறு கம்ப்யூட்டரையும் ஓர் அறையில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பூணூலில் கோக்காத குறையாக இடுப்பில் செருகிக்கொண்டார். இரண்டாவது காரியமாக ஜனகராஜைக் கூப்பிட்டார்.

"ஜனகராஜ், இதை நீங்கதான் நடத்திக் குடுக்கணும். உங்க கிளாஸ்லதான் வருஷா வருஷம் எல்லாரும் பாஸ். கம்ப்யூட்டர் டீச்சர் பிருந்தா சின்னப் பொண்ணு. அவளை நம்பி விட்டா பசங்க கண்டதையும் அமுக்கிப்புடுவா."

பிருந்தா ஒப்பந்த வேலையில் சேர்ந்து நாலு வாரம் ஆகியிருந்தது. அவள்தான் இணையத்தில் தேடி அந்த விதையைக் கண்டுபிடித்திருந்தாள். திரையில் ஒரு மண்சட்டி, அதற்குள் ஓர் அவரை விதை. பக்கத்தில் ஒரு பூவாளிப் படமும் ஒரு சூரியன் படமும், இரண்டுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை நகர்த்துகிற மாதிரி ஒரு கோடு. தண்ணீர் இவ்வளவு, வெயில் இவ்வளவு என்று நகர்த்தி வைத்துவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் பத்து நாள் பத்து விநாடியில் ஓடும். முளைத்தாலும் முளைக்கும், அழுகினாலும் அழுகும், கருகினாலும் கருகும்.

"புள்ளைங்க கையில விட்டுருங்க சார். அதுகளே மாத்தி மாத்தி வச்சுப் பாக்கட்டும். செடி செத்தாலும் பரவால்ல சார், அதுதான் பாடமே" என்றாள்.

ஜனகராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சாகுறதா? எங் கிளாஸ்லயா? ஏம்மா, செத்துப்போச்சுன்னா அதுக்கு நோட்ஸ் எப்படிம்மா குடுக்கிறது?"

அந்த வாரம் முழுக்க, பள்ளி விட்ட பிறகு, ஹாலாஸ்யத்திடம் சாவி வாங்கி, கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, சார் தனியாக அந்த விதையோடு போராடினார். தண்ணீர் பத்து வைத்தார், அழுகியது. வெயில் பத்து வைத்தார், கருகியது. எப்படித்தான் இருந்திருக்கும் அந்த மனிதருக்கு, ஒவ்வொரு தடவை பொத்தானை அழுத்தும்போதும் என்ன வரப்போகிறதென்று தெரியாமல் பத்து விநாடி உட்கார்ந்திருக்க! வேட்டி நனைய வியர்த்ததாகப் பத்மாசினி பிற்பாடு சொன்னார். வெள்ளிக்கிழமை மாலை, தண்ணீர் நாலு, வெயில் ஆறு என்று வைத்ததும் செடி ஜம்மென்று வந்து இரண்டு இலை விட்டது. போட்டார் பூட்டை. அதற்குமேல் ஒரு தடவைகூட மாற்றி வைத்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் நோட்டைத் திறந்தார்.

"எழுதிக்கங்கப்பா. தலைப்பு, இணையவழி விதை முளைத்தல். சிவப்பு மையில அடிக்கோடு. ஒன்று, கம்ப்யூட்டர் முன் அமர்க. இரண்டு, பூவாளிக் கோட்டை நான்கில் வைக்க. மூன்று, சூரியக் கோட்டை ஆறில் வைக்க. அடைப்புக்குறிக்குள் எழுதிக்கங்க, வேறு எதிலும் வைக்கக் கூடாது. நான்கு, பச்சைப் பொத்தானை ஒரு முறை அழுத்துக. ஐந்து, பத்து விநாடி காத்திருக்க."

ஆறாவது ஒன்று இருந்தது. பிள்ளைகள் ஆர்வத்தோடும் வியப்போடும் கற்க வேண்டும் என்று அறக்கட்டளைக் கடிதத்தில் ஒரு வரி இருந்ததை அவர் கவனித்திருந்தார். விட்டுவிடுவாரா?

"ஆறு, செடி முளைத்ததும் வியப்படைக. அடைப்புக்குறிக்குள், ஆஹா."

நாற்பத்திரண்டு பேனாவும் 'ஆஹா' எழுதின.

"சார், ஆஹாவுக்கு அடிக்கோடு உண்டா?" என்றான் சோலை.

"ஆஹாவுக்கு மேற்கோள் குறி மட்டும் போதும்."

ஒத்திகை தினமும் நடந்தது. கம்ப்யூட்டர் அறையில் இல்லை, தூசி படியும் என்று ஹாலாஸ்யம் சாவி தரவில்லை. வகுப்பிலேயே நடந்தது. எல்லோரும் ஜியாமெட்ரி பாக்ஸை மவுசாக நினைத்து டெஸ்க்கில் நகர்த்த வேண்டும். "பூவாளி, நாலு! சூரியன், ஆறு! அமுக்கு!" என்று சார் சொல்ல, நாற்பத்திரண்டு ஜியாமெட்ரி பாக்ஸும் டொக்கென்று ஒரே நேரத்தில் சத்தம் போடும். பத்து விநாடி மனதுக்குள் எண்ணிவிட்டுக் கரும்பலகையைப் பார்த்து எல்லோரும் "ஆஹா" என்பார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் முதல் இரண்டு நாள் ஓடிவந்து பார்த்தார், பிறகு பழகிக்கொண்டார்.

அந்த நாற்பத்திரண்டில் அன்னக்கொடி என்று ஒரு பெண். வண்டியூருக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா மல்லிகைத் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தார். விடிவதற்கு முன் பூப்பறித்துவிட்டு டவுன் பஸ் பிடித்து வருகிற பிள்ளை. ஒத்திகை நாட்களில் ஒரு தடவை கையைத் தூக்கி, "சார், வெயில எட்டுல வச்சா என்னாகும்?" என்று கேட்டாள். "சிலபஸ்ல இல்ல" என்றார் சார். உட்கார்ந்துவிட்டாள்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை அறக்கட்டளை ஆள் வந்தார். கிருஷ்ணபிரசாத் என்று பெயர், முப்பது வயதுகூட இருக்காது, ஜீன்ஸ் பேண்ட், கையில் அச்சடித்த படிவம் ஒன்று. ஹாலாஸ்யம் வாசலிலேயே இளநீர் கொடுத்து அழைத்துவந்து, கம்ப்யூட்டர் அறையின் கடைசியில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஒரு கம்ப்யூட்டருக்கு ஏழு பேர். சார் புதுச் சட்டை. பேருக்கு நோட்டை மேஜைக்குள் வைத்திருந்தார், கை எட்டுகிற தூரத்தில்.

"ம், ஆரம்பிங்கப்பா. நீங்களா செஞ்சு பாத்துக் கத்துக்கங்க" என்றார், மனப்பாடமாக.

பூவாளி நாலுக்குப் போயிற்று. சூரியன் ஆறுக்குப் போயிற்று. ஆறு மவுசும் ஒன்றாக அழுந்தின. பத்தாவது விநாடியில் நாற்பத்திரண்டு குரலும் சேர்ந்து "ஆஹா!" என்றது. நான்காவது கம்ப்யூட்டரில் இணைப்பு மந்தமாகி இன்னும் சட்டியே திரைக்கு வந்துசேரவில்லை. அங்கே இருந்த ஏழு பேரும் வெள்ளைத் திரையைப் பார்த்து மற்றவர்களைவிட உரக்க "ஆஹா" என்றார்கள். பிருந்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிருஷ்ணபிரசாத் படிவத்தில் ஏதோ டிக் அடித்தார். ஹாலாஸ்யத்தின் முகத்தில் பன்னிரண்டு கம்ப்யூட்டர் தெரிந்தது. ஜனகராஜ் மூச்சை விடப்போனார்.

"சூப்பர் சார். பிரமாதமா வளர்த்துட்டாங்க" என்று எழுந்தார் கிருஷ்ணபிரசாத். "இப்ப எனக்காக ஒண்ணு பண்ணுங்க தம்பிகளா. செடியச் சாகடிங்க பாப்போம்!"

மூச்சு பாதியில் நின்றது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சோலை அவசர அவசரமாக நோட்டைப் புரட்டினான். முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான், அட்டையைக்கூடப் பார்த்தான். செடியைச் சாகடிப்பது எப்படி என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

அப்போதுதான் மூன்றாவது கம்ப்யூட்டரில் மவுசைப் பிடித்திருந்த அன்னக்கொடி கையைத் தூக்கினாள்.

"சார், எங்க தோட்டத்துல கிளைய வெட்டிக் கவாத்து பண்றதுக்கு முந்தி மல்லிக்குத் தண்ணி விடாமக் காயப்போடுவாக. செடி செத்த மாதிரி வாடிப்போயிரும். பெறகு தண்ணி கட்டுனா அம்புட்டும் தழைச்சுக்கிட்டு வரும். இந்த அவரையும் அப்படியா சார்? பத்து நாளு தண்ணியே ஊத்தாமப் போட்டுட்டு, பெறகு ஊத்துனா தழைக்குமா, செத்துத்தேன் போகுமா?"

நல்ல கேள்வி. இருபத்தாறு வருடத்தில் அந்த வகுப்பில் எழுந்த கேள்விகளிலேயே ஒழுங்கான கேள்வி. ஜனகராஜின் வலது கை தானாக மேஜைக்குள் போய் நோட்டைத் தடவியது. அதில் இல்லை என்பது அந்தக் கைக்கே தெரியும்.

"அது… சிலபஸ்ல இல்லம்மா" என்றார்.

"பரவாயில்ல சார், இன்னைக்கு சிலபஸ் எல்லாம் பாக்க வேணாம்" என்றார் கிருஷ்ணபிரசாத், சிரித்த முகத்தோடு.

"அது வந்து, பத்தாவதுல விரிவா…"

"பத்தாவதுல தாவரம்தான் சார் இருக்கு, இது இல்லையே" என்றாள் பிருந்தா. உதவி செய்வதாக நினைப்பு!

மூன்றாவது பதில் நாக்கின் நுனிவரை வந்தது. நாளைக்குக் கேளு. ஆனால் நாளைக்குக் கிருஷ்ணபிரசாத் இருக்க மாட்டார், படிவம் இன்றைக்கே நிரம்பிவிடும். ஹாலாஸ்யம் பின்னாலிருந்து 'சொல்லுங்கோ, சொல்லுங்கோ' என்று தலையை ஆட்டினார். நாற்பத்திரண்டு முகங்கள் நிமிர்ந்து அவரையே பார்த்தன. பிள்ளைகளின் முகங்களை அப்படி மொத்தமாக அவர் பார்த்து வெகு காலமாகியிருந்தது. அடேயப்பா, எத்தனை கண்கள்! கொட்டாம்பட்டிச் சுவர் கண்முன் வந்தது, அடுப்புக்கரி எழுத்து வந்தது, கண்டக்டர் வந்தார்.

"சார், தழைக்குமா, செத்துப்போகுமா?" என்றாள் அன்னக்கொடி மறுபடியும், அவர் காதில் விழவில்லையோ என்று.

ஜனகராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியாது" என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். சிரிப்பு வரட்டும் என்று நின்றார். இருபத்தாறு வருடமாக ஓடி ஒளிந்த சிரிப்பு, கொல்லென்று வரப்போகிறது, வந்தால் வரட்டும், தலையில் வாங்கிக்கொள்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு விநாடி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. சிரிப்பு வரவில்லை. சரசரவென்று வேறு ஏதோ சத்தம் வந்தது. கண்ணைத் திறந்தார்.

எல்லாத் தலையும் குனிந்திருந்தது. எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"சார்," என்று எழுந்தான் சோலை, "இதுக்கு அடிக்கோடு உண்டா?"

அந்த நிமிடம் சாருக்கு எப்படி இருந்தது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? சுவரில் ஒருவன் கரியால் எழுதினான் என்று ஊரைவிட்டே ஓடிவந்த மனிதர். இங்கே நாற்பத்தொரு பேர் அதே வார்த்தையை முத்து முத்தான கையெழுத்தில், ஓரம் விட்டு, எண் போட்டு எழுதுகிறார்கள். கேலி இல்லை, மரியாதையாக எழுதுகிறார்கள். சிரித்துத் தொலைத்திருந்தால்கூட இம்புட்டு வலித்திருக்காது அவருக்கு.

நாற்பத்தொன்று என்று சொன்னேன். மவுசைப் பிடித்திருந்த மற்றவர்கள் அதை விட்டுவிட்டுப் பேனா எடுத்திருந்தார்கள், அன்னக்கொடி மட்டும் மவுசை விடாததால் அவளால் எழுத முடியவில்லை. பேனா எடுக்க வழியில்லாமல், சும்மா இருக்கவும் முடியாமல், அவள் பூவாளிக் கோட்டை ஒன்றுமில்லாத இடத்துக்கு இழுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். பத்து நாள் ஓடிற்று. இலை தொங்கி, தண்டு சாய்ந்து, செடி சட்டி விளிம்பில் படுத்துவிட்டது. மறுபடி பூவாளியை நாலுக்குக் கொண்டுபோய் அழுத்தினாள். எழுதுகிற பிள்ளைகள் எவரும் நிமிரவில்லை. கிருஷ்ணபிரசாத் படிவத்தில் குனிந்திருந்தார். ஜனகராஜ் ஒருவர்தான் அந்தத் திரையைப் பார்த்தார். கால் தானாக நகர்ந்து அவள் பக்கத்தில் போய் நின்றது.

ஏழாம் நாள், செத்துக்கிடந்த தண்டின் கணுவில் கடுகளவு பச்சை தெரிந்தது.

"ஏ புள்ள," என்றார், வகுப்பில் எவரும் கேட்டிராத ஒரு குரலில். "ஏ புள்ள, துளிர் விடுது பாரு!"

"விடுது சார்!" என்றாள் அவள்.

முகமெல்லாம் பல்லாக நின்றார் மனிதர். நோட்டு ஞாபகமே இல்லை. அப்போது பின்னாலிருந்து சோலையின் குரல் வந்தது.

"சார், மறுபடி ஒருக்கா சொல்லுங்க சார். 'ஏ புள்ள'க்கு அப்பறம் என்ன?"

அவ்வளவுதான். சாரின் முகம் பழைய இடத்துக்குத் திரும்பியது. "அதை எழுத வேணாம். அது சும்மா" என்றார்.

கிருஷ்ணபிரசாத்தின் அறிக்கை நவம்பரில் வந்தது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. கையிலிருந்த படிவத்தில் பதினெட்டுக் கட்டங்கள் இருந்தன, துளிருக்குக் கட்டம் இல்லை. 'மாணவர்கள் ஆசிரியரின் ஒவ்வொரு சொல்லையும் ஈடுபாட்டோடு பதிவுசெய்கிறார்கள், ஆசிரியர் மாணவர் பரிமாற்றம் மிக நன்று' என்று எழுதியிருந்தார். பன்னிரண்டு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. ஜனகராஜ் சாரின் 'இணையவழி விதை முளைத்தல்' குறிப்பை ஜெராக்ஸ் எடுத்து மற்றப் பள்ளிகளுக்கும் அனுப்பச் சொல்லிக் கடிதமும் வந்தது. ஹாலாஸ்யம் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் அல்வா கொடுத்தார்.

டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை. இந்த முறை இரண்டு மார்க் கேள்வி ஒன்றைப் பிருந்தா எழுதிக் கொடுத்திருந்தாள், வேண்டுமென்றேதான் என்று எனக்குச் சந்தேகம். 'நீரின்றி வாடிய செடிக்கு மீண்டும் நீர் ஊற்றினால் என்ன ஆகும்?'

சார் வீட்டில் உட்கார்ந்து திருத்தினார். முதல் தாள். விடை: தெரியாது. சிவப்பு மையில் அடிக்கோடு. இரண்டாவது தாள். தெரியாது, அடிக்கோடு. மூன்றாவது, நான்காவது. சோலை மட்டும் இரட்டை அடிக்கோடு போட்டிருந்தான், அன்றைக்குச் சார் பதில் சொல்லாததால் எதற்கும் இருக்கட்டும் என்று. சார் என்ன செய்வார்? குறிப்பில் உள்ளபடி இருக்கிறது. குறிப்பில் உள்ளபடி எழுதியதற்கு மார்க்கைக் குறைத்தால் நாளைக்கு எந்தப் பிள்ளை குறிப்பை மதிக்கும்? நாற்பத்தொரு தாளுக்கும் இரண்டுக்கு இரண்டு போட்டார். ஒவ்வொன்றுக்கும் போடும்போது அந்த வார்த்தையை ஒருமுறை படித்தார்.

கடைசித் தாள் அன்னக்கொடியுடையது. கோணல்மாணலான எழுத்து.

'தழைக்கும். ஏழாம் நாள் துளிர் வரும். நானும் சாரும் பார்த்தோம்.'

பேனாவை மூடி வைத்தார். காபி ஆறியது. "என்னங்க, அம்புட்டு நேரமா ஒரு பேப்பரையே பாக்குறீங்க?" என்று பத்மாசினி கேட்டார். அந்தக் கடைசி வரியை மட்டும் மூன்று தடவை படித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அப்புறம் பேனாவைத் திறந்து, ஒன்றரை மார்க் போட்டார். அரை மார்க் குறைத்ததற்குக் காரணத்தையும் ஓரத்தில் எழுதினார், சிவப்பு மையில்: 'அடிக்கோடு இல்லை.'

அட, என்ன மனிதர் இவர் என்று உங்களுக்குக் கோபம் வருகிறது. நியாயம். நாம் அப்படியில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறீர்கள். அதுவும் நியாயம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். போன வாரம் உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அப்பா, கண்ணீர் எதுக்கு உப்புக் கரிக்குது?" என்று கேட்டபோது, முதலில் என்ன சொன்னீர்கள்? "பரீட்சைக்கு வருமா?" என்றுதானே?

அது கிடக்கட்டும். அந்தக் கையில் என்ன, பேனாவா? எந்த வரியில் அடிக்கோடு போட்டீர்கள், காட்டுங்கள் பார்ப்போம்.